வண்டிப் பாகப் பழுது: கூட்டு வழக்கில் பணத்தைக் கோட்டைவிடும் தவறுகள்

அமெரிக்காவில் பழுதான வாகனப் பாகங்கள் தொடர்பாக, பாதிக்கப்பட்ட எல்லாருக்குமாகச் சேர்த்துத் தொடுக்கும் கிளாஸ் ஆக்‌ஷன் வழக்குகளில், இழப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு காலத்தில் நான் செய்த அதே தவறோடு புதியவர்கள் வந்து நிற்கும்போது மனசு பதறுகிறது. கையெழுத்தை மறப்பது போன்ற சில்லறைத் தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

பில்லைப் படிக்காமல் வாங்குவது

அப்போது நான் இந்த வேலைக்கு வரவில்லை. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது என் கார் உதறும். ஒர்க்‌ஷாப்பில் கியர் மாறுவதைக் கட்டுப்படுத்தும் வால்வு பாடி என்ற பாகத்தை மாற்றினார்கள். ரொக்கமாகக் கொடுத்தேன். 'கியர் பிரச்சினை, சரி செய்யப்பட்டது' என்று ஒரே வரியில் பில். பாகத்தின் பெயர் இல்லை, எத்தனை மைல் ஓடியது என்பதும் இல்லை. பழைய பாகம் குப்பைக்குப் போயிற்று.

மூன்று வருடம் கழித்து அதே பாகத்துக்கான வழக்கு சமரசமாகி, எனக்கும் அறிவிப்பு வந்தது. விண்ணப்பித்தேன். ஆதாரம் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினேன், கம்ப்யூட்டரை மாற்றியதில் பழைய கணக்கெல்லாம் போய்விட்டதாம். அந்த ஒரு வரி பில்லை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. கவுன்டரில் இரண்டு நிமிடம் நின்று கேட்டிருந்தால் போதும்.

தேதி, வண்டியின் அடையாளமான 17 இலக்க வின் எண் (VIN), ஓடிய மைல், மாற்றிய பாகத்தின் பெயர், கட்டிய தொகை எல்லாம் பில்லில் இருக்க வேண்டும். உங்கள் புகாரை நீங்கள் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள். 'குறை எதுவும் தென்படவில்லை' என்று டீலர் எழுதித் தந்தாலும் அந்தத் தாளைக் கிழித்துவிடாதீர்கள். வாரண்டி முடியும் முன்பே நீங்கள் புகார் செய்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. அப்புறம், வேலை தொடங்கும் முன்பே பழைய பாகத்தைக் கேட்டு வையுங்கள்.

ரீகாலும் வழக்கும் ஒன்று என்று நினைப்பது

ரீகால் என்பது பாதுகாப்புக் குறையை உற்பத்தியாளர் இலவசமாகச் சரிசெய்வது. வழக்கு, உங்களுக்கு ஏற்பட்ட பண நஷ்டத்துக்கு. உதாரணத்துக்கு, ஜப்பானின் தகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்கில், பையை ஊத வைக்கும் அமோனியம் நைட்ரேட் என்ற வேதிப்பொருள் ஈரத்திலும் வெப்பத்திலும் கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டுகள் ஓட்டுநர் மீது பாய்ந்தன. ரீகால் ஒரு பக்கம் நடக்க, கார் உரிமையாளர்களின் பண நஷ்ட வழக்கில் 2017-இல் டொயோட்டா, பிஎம்டபிள்யூ, மாஸ்டா, சுபாரு நிறுவனங்கள் 55.3 கோடி டாலருக்குச் சமரசம் செய்தன. பணம் வரட்டும் என்று ரீகால் வேலையை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள், உயிர் சம்பந்தப்பட்டது.

அறிவிப்புக் கடிதத்தைத் தூக்கிப்போடுவது

விலகுகிறேன் என்று எழுதித் தராவிட்டால், பெரும்பாலும் நீங்கள் வழக்குக்குள் இருப்பதாகவே கணக்கு. பணமும் கேட்காமல், தனியாக வழக்குப் போடும் உரிமையையும் இழந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

காயம் பட்டிருந்தால்

தனி வழக்கறிஞரைப் பாருங்கள், உடனே.

கடைசித் தேதி

விண்ணப்பிக்க வேண்டிய கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.