கொடி நாளுக்குள் டெல்லி: போர் நினைவிடங்கள் வழியே முதல் நெடும்பயணம்

நெடுந்தூர பைக் பயணம் என்றதும் எல்லோரும் லடாக்கைத்தான் பேசுகிறார்கள். திராஸில் உள்ள கார்கில் போர் நினைவிடத்தின் முன் நிற்க ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் முதல் பயணத்திலேயே அங்கே போகும் வழியில் உள்ள உயரமான சோஜி லா கணவாய் வேண்டாம். சென்னையிலிருந்து டெல்லி வரை நெடுஞ்சாலையை ஒட்டியே நல்ல நினைவிடங்கள் இருக்கின்றன. தூரம் சுமார் 2,500 கி.மீ. டிசம்பர் 7 படைவீரர் கொடி நாள். 1949 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. பள்ளியில் காசு கொடுத்து ஒட்டுக்கொடி வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டோமே, அதே கொடி நாள். அன்று டெல்லியில் இருப்பதை இலக்காக வைத்து, கொடிநாள் நிதிக்குப் பணம் திரட்டியபடி எப்படிப் போவது என்று பார்ப்போம்.

1. முதலில் பணத்தின் பாதையைத் தீர்மானியுங்கள்

வண்டியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். கொடிநாள் நிதியை நிர்வகிக்கும் கேந்திரிய சைனிக் போர்டின் இணையதளத்திலேயே நேரடியாகச் செலுத்தலாம். கொடுப்பவர்களை அங்கேயே செலுத்தச் சொல்லி, ரசீதின் படத்தை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். வீரமரணம் அடைந்தோரின் மனைவியர், பிள்ளைகளின் படிப்பு, வறுமையில் இருக்கும் முன்னாள் படைவீரர்கள் என்று அந்தப் பணம் போய்ச் சேரும் இடங்களையும் சொல்லிவிடுங்கள். பெட்ரோல், தங்கும் செலவெல்லாம் உங்கள் பையிலிருந்துதான் என்பதையும் முதல் நாளே எழுதிப் பகிருங்கள். பிறகு எவரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பணம் கேட்பது பலருக்கும் பழக்கம். எனக்கு அது பிடிக்காது. களைத்த நேரத்தில் 'இன்னும் நூறு கிலோமீட்டர் போனால் இன்னும் கொஞ்சம் சேருமே' என்று மனம் கணக்குப் போடும். நினைவிடம் ஒன்றுக்கு இவ்வளவு என்று கேளுங்கள்.

2. ஒரு பெயரை எடுத்துச் செல்லுங்கள்

இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. ஆனால் பயணத்துக்கே பொருள் தருவது இதுதான். உங்கள் மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய், நோக்கத்தைச் சொல்லி, வீரமரணம் அடைந்த ஒருவரின் குடும்பத்தைச் சந்திக்க முடியுமா என்று கேளுங்கள். டெல்லி வரை போய்ப் பார்க்க வசதிப்படாத குடும்பங்கள் உண்டு. அவர்கள் சம்மதித்தால், வீரரின் பெயர், படையெண், ரெஜிமென்ட், மறைந்த ஆண்டு ஆகியவற்றை எழுத்துப் பிழையின்றிக் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் பெயர் எப்படி எழுதப்படும் என்பதும் தேவை. ஏன் என்பது டெல்லியில் தெரியும்.

3. வண்டி

புது வண்டி வேண்டியதில்லை. 150 சிசிக்கு மேல் இருந்து, ஒழுங்காகப் பராமரித்திருந்தால் போதும். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே சர்வீஸை முடித்துவிடுங்கள். முந்தின நாள் சர்வீஸ் விட்டால், சரியாக முறுக்காத போல்ட் எது என்பது நடுவழியில்தான் தெரியவரும். புதிய சீட், புதிய ஹேண்டில்பார் போன்றவற்றையும் கடைசி நேரத்தில் மாட்டாதீர்கள். பஞ்சர் கிட், சிறிய காற்றடிப்பான், கிளட்ச் கேபிள், செயின் லூப் (செயினுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே) ஆகியவை கையில் இருக்கட்டும். 500 கி.மீ.க்கு ஒருமுறை, அதாவது தினமும் மாலையில் வண்டியை நிறுத்தியதும், செயின் சூடாக இருக்கும்போதே லூப் அடியுங்கள். டிசம்பர் தொடக்கத்தில் இங்கே வடகிழக்குப் பருவமழை, குவாலியரைத் தாண்டினால் குளிர். மழை உடை, குளிர் உடை இரண்டும் தேவைப்படும்.

தேசியக் கொடியை வண்டியில் கட்டிக்கொண்டு போகும் ஆசை வரும். வேண்டாம். வாகனத்தில் கொடி பறக்கவிடும் உரிமை குறிப்பிட்ட பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்று கொடிச் சட்டம் சொல்கிறது. தவிர, ஆயிரம் கிலோமீட்டர் காற்றில் அது கிழிந்து தொங்குவதைப் பார்க்க நன்றாகவா இருக்கும்?

4. நாள்வாரித் திட்டம்

டிசம்பர் 1 புறப்பாடு. ஆறு நாள் ஓட்டம், ஒரு நாள் கையிருப்பு.

முதல் நாள், சென்னை முதல் பெங்களூரு, 350 கி.மீ. நேப்பியர் பாலம் அருகே உள்ள போர் நினைவுச் சின்னத்தில் தொடங்குங்கள். முதல் உலகப் போரில் இறந்த சென்னை மாகாணத்து வீரர்களுக்காக எழுப்பப்பட்டது. பிந்தைய போர்களும் சேர்க்கப்பட்டன. பெங்களூரில் நேரு கோளரங்கம் அருகே தேசிய ராணுவ நினைவிடம் இருக்கிறது. அதைவிடவும் நான் பார்க்கச் சொல்வது பிரிகேட் சாலையும் ரெசிடென்சி சாலையும் சந்திக்கும் முனையில் நிற்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் கல்தூணை. தமிழர்கள் நிறையப் பேர் பணியாற்றிய, ராணுவத்தின் பொறியாளர் படை அது. ராணுவத்தில் அவர்களுக்குத் 'தம்பி'கள் என்றே பெயர். ஷாப்பிங் பைகளோடு சிக்னலுக்குக் காத்திருக்கும் கூட்டத்தின் நடுவே, அவர்கள் போரிட்டு மாண்ட களங்களின் பெயர்களைத் தாங்கி அது நிற்கிறது. நின்று வாசிப்பவர் அரிது.

இரண்டாம் நாள் ஐதராபாத், 570 கி.மீ. இதுதான் மிக நீளமான நாள். ஊரை நெருங்கும்போது கைபேசி வரைபடம் வெளிவட்டச் சாலையைக் காட்டும். அதில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதியில்லை. மூன்றாம் நாள் காலை செகந்திராபாத் அணிவகுப்பு மைதானத்தில் உள்ள வீருல சைனிக் ஸ்மாரக் என்ற போர் நினைவிடத்தைப் பார்த்துவிட்டு நாக்பூர், 500 கி.மீ. அது ராணுவப் பகுதி, கேமராவை எடுக்கும் முன் காவலரிடம் கேளுங்கள். நான்காம் நாள் பேதுல் வழியாக போபால், 350 கி.மீ. சாத்பூரா மலைக்காட்டுச் சாலையை இருட்டுமுன் கடந்துவிட வேண்டும். போபாலில் 2016இல் திறக்கப்பட்ட சௌரிய ஸ்மாரக் இருக்கிறது. வாரத்தில் ஒருநாள் விடுமுறை, எனவே கிழமையை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் குவாலியர், ஆறாம் நாள் டெல்லி. குவாலியரிலிருந்து பனிமூட்டம் விலகிய பிறகே கிளம்புங்கள்.

தினமும் கணக்கை நினைவிடத்தின் மூடும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். பூட்டிய கேட்டின் முன் படம் எடுத்துக்கொள்ள இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

5. உடம்பு

அமெரிக்காவின் அயர்ன் பட் அசோசியேஷன், 24 மணி நேரத்தில் 1,000 மைல் ஓட்டினால் 'சேடில்சோர்' சான்றிதழ் தருகிறது. நம் ஊரிலும் அதற்காக ஓட்டுபவர்கள் உண்டு. முதல் பயணத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஆனால் அந்த அனுபவசாலிகளிடம் கற்க ஒன்று உண்டு: அவர்கள் வேகமாக ஓட்டுவதில்லை, வீணாக நிற்பதில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி, தண்ணீர் குடித்து, கை கால் நீட்டி, பத்து நிமிடத்தில் கிளம்புங்கள். மதியத்துக்கு இட்லியோ தயிர்சாதமோ போதும். ஐதராபாத் பிரியாணியை அறை எடுத்த பிறகு சாப்பிடுங்கள். அது எங்கும் ஓடிவிடாது. கடந்த ஐந்து கிலோமீட்டர் நினைவில் இல்லை என்றால் அது தூக்கம். காபி அதற்கு மருந்தல்ல. பெட்ரோல் பங்க்கில் ஓரமாக நிறுத்திவிட்டு இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள்.

6. பதிவு

பெட்ரோல் போட்டதும் இயந்திர ரசீது கேட்டு வாங்கி, ஓடோமீட்டருக்குப் பக்கத்தில் பிடித்து உடனே படம் எடுங்கள். அந்தக் காகிதத்தில் மை இல்லை, வெப்பத்தால் விழுந்த எழுத்து. ஜாக்கெட் பையில் நான்கு நாள் வெந்தால் வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். ரசீதில் ஊர், தேதி, நேரம் சரியாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நன்கொடையாளருக்கு இதுவே சாட்சி.

7. டெல்லியில்

இந்தியா கேட் அருகே உள்ள தேசியப் போர் நினைவிடம் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. நுழைவு இலவசம். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்கள், அவற்றுக்குச் 'சக்கரம்' என்று பெயர். தியாக சக்கரத்தின் சுவர்களில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள், செங்கல் அளவுள்ள கருங்கற்களில் ஆளுக்கொன்றாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சக்கரவியூகத்தின் அமைப்பில் கட்டியது என்பதால், விவரம் இல்லாமல் தேடினால் ஒரு பகல் போய்விடும். குறித்து வைத்த எண்ணும் ரெஜிமென்ட்டும் இங்கேதான் உதவும். கல்லைக் கண்டுபிடித்ததும், எழுத்துகள் தெளிவாகத் தெரிய நேராக ஒரு படம், சுவர் முழுதும் தெரிய இன்னொன்று. உங்கள் முகம் இல்லாத படமாகவே குடும்பத்துக்கு அனுப்புங்கள்.

ஹெல்மெட்டும் கையுறையும் கழற்றியபடி உள்ளே போங்கள், கோஷம் வேண்டாம். பரம யோதா ஸ்தலம் என்ற பகுதியில், போர்க்கால வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா பெற்றவர்களின் சிலைகள் உள்ளன. 1987இல் இலங்கையில் உயிர்நீத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் அங்கே இருக்கிறார். மாலை வரை இருங்கள். சூரியன் மறையும் வேளையில் ஒரு வீரரின் குடும்பத்தார் மலர்வளையம் வைக்கும் நிகழ்ச்சி நடக்கும்.

8. திரும்புவது

ஓட்டித்தான் திரும்ப வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ரயில் பார்சலில் வண்டியை அனுப்பலாம். ஆர்.சி. நகல், அடையாள அட்டை நகல் கேட்பார்கள். டேங்க்கில் சொட்டுப் பெட்ரோல் இருக்கக் கூடாது. கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, பேக்கிங் செய்பவர்களிடம் கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.