ஒலிம்பிக் வாலிபாலுக்கு எந்த அணி போகும்? தாளில் எழுதிப் பார்ப்பது எப்படி

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் வாலிபால் பார்த்தவர்கள் பலருக்கும் ஒரு குழப்பம் வந்திருக்கும். உலகத் தரவரிசையில் கீழே இருந்த எகிப்து ஆடுகிறது. அதைவிட எவ்வளவோ மேலே இருந்த கியூபாவைக் காணோம். இது எப்படி? அந்தப் போட்டியையே எடுத்துப் படிப்படியாகப் பார்ப்போம். ஒரு தாளும் பேனாவும் இருந்தால் போதும்.

படி 1: 12 கோடு போடுங்கள்

மொத்தம் 12 அணிகள்தான். முதல் கோட்டில் பிரான்ஸ் என்று எழுதிவிடுங்கள். போட்டியை நடத்தும் நாட்டுக்குத் தகுதிச்சுற்று கிடையாது. மீதி 11.

படி 2: மூன்று ஊர், ஆறு இடம்

2023 செப்டம்பர் 30 முதல் அக்டோபர் 8 வரை ரியோ டி ஜெனிரோ, டோக்கியோ, சீனாவின் சியான் ஆகிய மூன்று நகரங்களில் தகுதிச்சுற்று நடந்தது. ஊருக்கு 8 அணி, ஆக 24. அந்த 24 பேர் யார் என்பதை 2022 செப்டம்பர் மாதத் தரவரிசையே முடிவு செய்துவிட்டது. (அதில் இந்தியா இல்லை. ஒலிம்பிக் வாலிபாலில் நாம் இதுவரை ஒருமுறைகூட ஆடியதில்லை.)

இங்கே நாக் அவுட் இல்லை. ஒவ்வொரு அணியும் தன் பிரிவில் உள்ள மற்ற ஏழு அணிகளோடும் ஒரு மேட்ச் ஆட வேண்டும். முதல் இரண்டு இடம் பிடித்தால் டிக்கெட். ரியோவில் ஜெர்மனியும் பிரேசிலும், டோக்கியோவில் அமெரிக்காவும் ஜப்பானும், சியானில் போலந்தும் கனடாவும் தேறின. 2022 உலக சாம்பியனான இத்தாலியும் ரியோவில்தான் ஆடியது. கடைசி நாளில் பிரேசிலிடம் 3-2 என்ற செட் கணக்கில் தோற்று, டிக்கெட் இல்லாமல் ஊர் திரும்பியது.

இப்போது தாளில் ஏழு பெயர்.

படி 3: புள்ளிப் பட்டியலைப் படிப்பது

புதிதாகப் பார்ப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். 3-0 அல்லது 3-1 என்று வென்றால் 3 புள்ளி, தோற்றவருக்கு ஒன்றுமில்லை. 3-2 என்று முடிந்தால் வென்றவருக்கு 2, தோற்றவருக்கு 1. ஆனால் பட்டியலில் முதலில் பார்ப்பது புள்ளியை அல்ல, எத்தனை வெற்றி என்பதைத்தான். ஐந்து மேட்சையும் 3-2 என்று இழுத்துப் பிடித்து வென்று 10 புள்ளி வைத்திருக்கும் அணி, நான்கே மேட்சை 3-0 என்று வென்று 12 புள்ளி வைத்திருக்கும் அணிக்கு மேலே நிற்கும். வெற்றி சமமானால்தான் புள்ளி. அதுவும் சமமானால் செட் விகிதம் (வென்ற செட்டை இழந்த செட்டால் வகுத்தது), அப்புறம் செட்டுகளுக்குள் எடுத்த, இழந்த ஆட்டப் புள்ளிகளின் விகிதம்.

ஜப்பானின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முதல் நாள் பின்லாந்தை 3-2 என்று வென்றது: 2 புள்ளி. அடுத்த நாள் எகிப்திடம் முதல் இரண்டு செட்டையும் எடுத்துவிட்டு, 3-2 என்று தோற்றது: 1 புள்ளி. சொந்த மண்ணில் இப்படி ஆகிவிட்டதே என்று அன்று பலர் நம்பிக்கை இழந்திருப்பார்கள். அதற்குப் பிறகு துனிசியா, துருக்கி, செர்பியா, ஸ்லோவேனியா நான்கையும் 3-0 என்று முடித்தது: 12 புள்ளி. ஆக 15. ஒரு மேட்ச் மிச்சம் இருக்கும்போதே இடம் உறுதி. எகிப்திடம் தோற்றபோதும் கிடைத்த அந்த ஒரு புள்ளி இந்தக் கூட்டலில் இருக்கிறது. ஐந்தாவது செட் வரை இழுப்பது வீண்வேலை இல்லை.

படி 4: மீதி ஐந்து கோடு

இதற்கு 2024 ஜூன் 24 தேதியின் தரவரிசையை எடுத்தார்கள். ஆனால் மேலிருந்து ஐந்து பேரை அப்படியே எழுதிவிடாதீர்கள். முதலில் கண்டங்களைச் சரிபாருங்கள். தாளில் ஐரோப்பா, ஆசியா, தென் அமெரிக்கா, வட அமெரிக்கா எல்லாம் வந்துவிட்டன. ஆப்பிரிக்கா வரவில்லை. ஆகவே ஆப்பிரிக்க அணிகளில் தரவரிசையில் முதலாவதாக இருந்த எகிப்துக்கு ஓர் இடம். மீதி நான்குதான் தரவரிசைப்படி: இத்தாலி, ஸ்லோவேனியா, அர்ஜென்டினா, செர்பியா. அடுத்து நின்ற கியூபாவுக்குக் கோடு தீர்ந்துவிட்டது. கியூபாவுக்கு இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கண்டமே இல்லாமல் ஒலிம்பிக் நடத்துவதும் சரியில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

படி 5: தரவரிசை எப்படி நகர்கிறது

சதுரங்க ரேட்டிங் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். மேட்சுக்கு முன்பே இரு அணிகளின் பலத்தை வைத்து என்ன முடிவு வரும் என்று ஒரு கணிப்பு உண்டு. அதைவிட நன்றாக ஆடினால் தரவரிசைப் புள்ளி ஏறும், தோற்றவரிடமிருந்து இறங்கும். பலவீனமான அணியை ஐந்து செட்டில் தட்டுத்தடுமாறி வென்றால் கையில் கிடைப்பது ஒன்றுமில்லாத மாதிரிதான். போட்டிக்குப் போட்டி எடையும் மாறும்: ஒலிம்பிக்குக்கு 50, உலக சாம்பியன்ஷிப்புக்கு 45, ஆண்டுதோறும் தேசிய அணிகள் ஆடும் நேஷன்ஸ் லீக்குக்கு 40.

ஜூன் 24 என்ற தேதியை மறுபடி பாருங்கள். நேஷன்ஸ் லீக்கின் முதற்கட்டம் முடிந்தது ஜூன் 23. அந்த வாரங்களில் செர்பியாவோ கியூபாவோ ஆடிய மேட்சை வெறும் லீக் மேட்ச் என்று நினைத்துப் பார்த்தவர்கள் பாதி ஆட்டத்தைத் தவறவிட்டார்கள்.

2028 லாஸ் ஏஞ்சலிஸுக்குப் புதுத் தாள் எடுங்கள். கோடு அதே 12, முதல் பெயர் அமெரிக்கா. ஆனால் 2026இல் ஐந்து கண்டங்களிலும் சாம்பியன் ஆகிறவர்களுக்கு நேரடி இடம் என்று விதி மாறியிருக்கிறது. அதனால் இந்தமுறை ஆப்பிரிக்காவைக் கடைசியில் தேட வேண்டியிருக்காது.