பழைய மான்கொம்பு மடுவைச் சுத்தம் செய்து பாதுகாப்பது எப்படி?

சிலம்பக்காரர்கள் மான்கொம்பு என்றும் மடுவு என்றும் சொல்லும் ஆயுதம் இது. இரண்டு வெளிமான் கொம்புகளின் அடிப்பகுதியை ஒன்றையொன்று தழுவும்படி எதிரெதிராக வைத்து, நடுவில் இரும்புக் கம்பியால் பிடி அமைத்து இறுக்கியிருப்பார்கள். நுனிகளில் எஃகுப் பூண் இருக்கும். பலவற்றில் கைக்கு முன்னால் தோலிலோ உலோகத்திலோ சின்னக் கேடயமும் உண்டு. கொம்பு, இரும்பு, தோல், இடையில் ஒட்டிய அரக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஒன்றுக்கு நல்லது இன்னொன்றைக் கெடுக்கும்.

தொடுவதற்கு முன்

வெளிமான், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. கொம்புக்கு உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் மாவட்ட வன அலுவலகத்தை அணுகுங்கள். சான்றிதழ் இருந்தாலும் விற்கக் கூடாது.

பிறகு நல்ல வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். விரிசல், ஆடும் ஆணி, துருப் புள்ளி எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பொருள்களில் பூச்சிமருந்து தடவியிருக்கலாம் என்பதால் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

கொம்பு

வெளிமான் கொம்பு திருகுத் திருகாக, வளையம் வளையமாக இருக்கும். நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின்தான் அதன் மேலுறை. புள்ளிமான் கொம்பு வேறு: அது கிளைவிட்டு, ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும் எலும்பு. அசலா என்று பார்க்கச் சூட்டு ஊசி வைக்காதீர்கள். அந்த வடு மறையவே மறையாது.

மென்மையான பிரஷ்ஷால் வளையங்களின் பள்ளத்திலுள்ள தூசியை, அடியிலிருந்து நுனி நோக்கித் தட்டுங்கள். அழுக்கு விடாவிட்டால் 250 மி.லி. டிஸ்டில்டு வாட்டரில் வாசனையில்லாத பாத்திர சோப்புத் திரவம் 2 சொட்டு. பஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒரு நேரத்தில் இரண்டு விரல் அகலம் மட்டும் துடையுங்கள். உடனே வெறும் நீர்ப் பஞ்சு, அடுத்து உலர் துணி. ஊறவைத்தால் கெரட்டின் உப்பி, காயும்போது அடுக்கடுக்காகப் பிளக்கும். ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். அரக்கு கரைந்து இணைப்பு கழன்றுவிடும்.

பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது பிசுக்காகித் தூசியைப் பிடிக்கும். பின்னால் எடுப்பது பெரும்பாடு. பிடி அருகே எத்தனையோ கைகள் பட்டு வழவழத்த இடத்தையும் தேய்க்காதீர்கள். இந்த மடுவு சுவரில் அலங்காரமாக மட்டும் தொங்கியதா, கையில் சுழன்றதா என்று சொல்வது அந்த இடம்தான்.

இரும்பும் தோலும்

உதிரும் செந்துருவை மட்டும், கொம்பின் மேல் பாலித்தீன் சுற்றிக்கொண்டு, 0000 எண் ஸ்டீல் உல்லில் (மிக நுண்ணிய எஃகு இழைப் பஞ்சு) ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டு மெதுவாக எடுங்கள். கருத்துப் படிந்த பழைய நிறம் அப்படியே இருக்கட்டும். எண்ணெயைத் துடைத்துவிட்டு, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை (அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் நுண்படிக மெழுகு) மெல்லியதாகப் பூசுங்கள். பித்தளைக் குமிழ்களுக்குப் புளி, எலுமிச்சை போடாதீர்கள். இடுக்கில் தங்கும் புளிப்பு உள்ளேயே அரிக்கும். தோல் கேடயத்துக்கு உலர்ந்த பிரஷ் போதும்.

பூச்சி

கொம்பின் அடியில் மாவு மாதிரித் தூள் கொட்டினால் அந்துப்பூச்சியோ கம்பள வண்டோ உள்ளே இருக்கிறது. மேலுறைக்கும் உள் எலும்புக்கும் நடுவிலுள்ள சந்துதான் அவற்றுக்கு வசதியான இடம். பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் அடைத்து மற்ற பொருள்களிடமிருந்து பிரித்து வையுங்கள். அரக்கு இணைப்பு உள்ளதை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். குளிரில் அரக்கு நொறுங்கலாம். அருங்காட்சியகப் பாதுகாப்பாளரிடம் காட்டுவதே நல்லது.

வைக்கும் இடம்

காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருக்கட்டும். ஈரம் ஏறி இறங்கும்போது கொம்பு விரிந்து சுருங்கும், இரும்பு அசையாது. அதனால்தான் ஆணியடித்த இடத்திலிருந்து விரிசல் கிளம்புகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதமானியும் வையுங்கள். ஒற்றைக் கொம்பில் தொங்கவிடாமல், இரண்டு இடத்தில் மெத்தென்ற தாங்கல் கொடுத்துப் படுக்கையாக வையுங்கள்.

ஆடும் பிடிக்கு எம்சீல், ஃபெவிக்விக் வேண்டாம். பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி வைத்தால் போதும். பயிற்சிக்கு மரத்தில் செய்த மடுவைப் பிடியுங்கள்.