திருகோணமலையிலிருந்து ஒரே நாளில் கண்டி: வயதான அம்மாவோடும் பிள்ளைகளோடும்

திருகோணமலையிலிருந்து நுவரெலியாவுக்கு ஒரே நாளில் போய்வரலாமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்றே சொல்வேன். கண்டியைத் தாண்டி இன்னும் 75 கிலோமீற்றருக்கு மேல் மலையேற வேண்டும். போய் இறங்கியதும் திரும்புகிற நேரம் வந்துவிடும். மலையையும் வாவியையும் ஒருசேரப் பார்க்க ஆசையென்றால் கண்டிக்குப் போங்கள். ஏறத்தாழ 180 கிலோமீற்றர். பாலையூற்றிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து நான்கு முறை போய்வந்துவிட்டோம்: நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும், எழுபத்து மூன்று வயதான என் அம்மாவும். முதல் முறை பல பிழைகள் விட்டோம். மற்றவர்களும் அப்படிச் சிரமப்படக் கூடாது.

நேரக் கணக்கை யானையிலிருந்து தொடங்குங்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் நடுவிலுள்ள காட்டுப் பாதையில் இருட்டினால் யானைகள் வீதிக்கு வரும். முதல் பயணத்தில் நாங்கள் திரும்பி அங்கே வந்தபோது இரவு எட்டு மணி. தனி யானை ஒன்று வீதியின் குறுக்கே நின்றது. சாரதி தூரத்திலேயே வானை நிறுத்தினார், ஹோர்ன் அடிக்கவில்லை. யாரும் இறங்கவில்லை, பேசவும் இல்லை. மடியில் இருந்த மகளின் நெஞ்சு படபடப்பது என் உள்ளங்கையில் தெரிந்தது. அது காட்டுக்குள் இறங்க இருபது நிமிடம் ஆனது. அன்றிலிருந்து அந்தக் காட்டை வெளிச்சத்தில் மட்டுமே கடக்கிறோம்.

அதிகாலை 4.30க்குப் புறப்படுங்கள். கந்தளாயில் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினால் விடிகிற நேரத்தில் காட்டைத் தாண்டலாம். தம்புள்ளை, நாவுல, மாத்தளை வழியாகக் கண்டியை அடையும்போது ஒன்பது மணி கடந்திருக்கும். திரும்பும்போதும் வெளிச்சம் வேண்டும் அல்லவா? ஆகவே பிற்பகல் 2 மணிக்குக் கண்டியை விட்டு வெளிக்கிட வேண்டும். கையில் இருப்பது ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு. புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டிருக்கும் தலதா மாளிகை, வாவி, மதியச் சாப்பாடு, இவ்வளவுதான் அதற்குள் அடங்கும். பேராதனைப் பூங்கா 147 ஏக்கர். அதை இதற்குள் திணிக்காதீர்கள். அதற்கென்று இன்னொரு நாள் போங்கள்.

சனிக்கிழமை நல்லது, பாடசாலை வாகன நெரிசல் இராது. பெரஹரா ஊர்வலம் நடக்கும் ஆடி, ஆவணி நாட்களையும் போயா எனும் பௌர்ணமி விடுமுறை தினங்களையும் தவிர்த்துவிடுங்கள். கடும் மழைக் காலமும் வேண்டாம். மாத்தளைக்கும் கண்டிக்கும் நடுவே அக்குறணையில் வெள்ளம் வீதியை மூடிவிடும்.

பஸ்ஸில் போகலாம், ஆனால் ஒரே நாளில் முதியவர்களோடு முடியாது. தெரிந்தவரின் வானைப் பேசுங்கள். சாரதி முதல் நாள் இரவு நன்றாக உறங்கியவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். போகவர 360 கிலோமீற்றர் ஓட்டப்போகிறவர் அவர்.

நாவுலவுக்குப் பிறகு வளைவுகள் தொடங்கும். கடலோரத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பாதை பழக்கமில்லை. என் மகன் முதல் முறை மாத்தளைக்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். இப்போது அவனை முன் இருக்கையில் வைக்கிறோம். கையில் ஒரு தேசிக்காய், மடியில் ஒரு பொலித்தீன் பை. காலைச் சாப்பாட்டை மாத்தளை வரை தள்ளிப்போடுகிறோம். அதற்கு ரொட்டியும் சீனிச் சம்பலும் கட்டுங்கள். தேங்காய்ச் சம்பல் வெயிலில் புளித்துவிடும்.

மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் பெருந்தெருவிலேயே இருக்கிறது. அம்மனைக் கும்பிட்டு, கால் நீட்டி, கழிப்பறைத் தேவைகளையும் முடித்துக்கொள்ளலாம். அதே வீதியில் வாசனைத் திரவியத் தோட்டங்கள் கைகாட்டி அழைக்கும். முதல் முறை அப்படி ஒன்றில் நுழைந்து ஒரு மணி நேரத்தையும், மூட்டுவலி எண்ணெய்க்காகக் கணிசமான பணத்தையும் இழந்தோம். நிறுத்தாமல் போங்கள்.

மாளிகைக்குத் தோளும் முழங்காலும் மறைந்த உடை வேண்டும். வெள்ளை என்றால் மிக நல்லது. அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள். காலைப் பூசை 9.30க்கு. புனிதப் பல்லை நேரில் காண முடியாது, அது பேழைக்குள் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வரிசையில் நின்று ஏமாந்துபோவார்கள்.

அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் மாளிகைக்கு எதிர்ப்புறமுள்ள பத்தினி தேவாலயத்தை விடாதீர்கள். பத்தினி என்பவள் நம் கண்ணகிதான். கிழக்கில் கண்ணகி கோயில்களின் வைகாசிக் குளிர்த்திச் சடங்கு பார்த்து வளர்ந்த என் அம்மாவுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பூத்தட்டை வாங்கிக்கொண்டு, சிங்களப் பெண்கள் நடுவே நின்று, வீட்டில் சொல்வதைப் போலவே "அம்மாளே" என்று கைகூப்பினார். நான்கு பயணங்களிலும் என் நெஞ்சில் ஆழமாய் நிற்பது அந்த ஒரு நிமிடம்தான்.

பிறகு வாவி. வயல்நிலமாக இருந்த இடத்தில் 1807இல் இதை வெட்டத் தொடங்கியவர் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நாயக்க வம்சத்தவர், 1815இல் ஆட்சியை இழந்து, வேலூரில் சிறைவைக்கப்பட்டு 1832இல் இறந்தார். கரையிலே முகில் வடிவில் வளைந்து வளைந்து போகும் வெள்ளைச் சுவர் அவர் முடிக்காமல் விட்ட வேலை. அதிலுள்ள முக்கோணத் துளைகள் விளக்கு ஏற்றுவதற்கானவை. மகள் ஒவ்வொன்றிலும் கைவிட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

சுற்றளவு மூன்று கிலோமீற்றருக்கு மேல். முழுவதும் நடக்க முயலாதீர்கள். மாளிகைப் பக்கத்து நிழலில் அரை மணி நேரம் நடந்து, இருக்கையில் அமருங்கள். குடை கட்டாயம். வெயிலுக்காக மட்டும் அல்ல. மரங்களில் நீர்க்காகங்கள் நிறைந்திருக்கும், எச்சம் நேரே தலையில் விழும். மரத்தடித் தரையில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அங்கே உட்காராதீர்கள். தடித்த கம்பளி உடை தேவையில்லை. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரந்தான், நண்பகலில் வியர்க்கும். விடிகாலை வானுக்குள் அம்மாவுக்கு ஒரு சால்வை போதும். உப்புக் காற்றில்லாத இவ்வளவு தண்ணீரை அவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் அவசரப்படுத்தாதீர்கள். பிள்ளைகளுக்கு மீன்கள் போதும், நேரம் போய்விடும்.

மதியச் சாப்பாட்டுக்கு நகருக்குள் சைவக் கடைகள் இருக்கின்றன. பன்னிரண்டுக்கு முன் போய்விடுங்கள், அதன் பின் இடம் கிடைக்காது. டி.எஸ். சேனநாயக்க வீதியின் பழைய பெயர் திருகோணமலை வீதி. அதைச் சொன்னதும் மகன் முகத்தில் வந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு மணிக்கு எல்லோரையும் வானில் ஏற்றுங்கள். ஆறு மணியளவில் கந்தளாய் வந்துவிடும். அங்கே வீதியோரத்தில் எருமைத் தயிர் முட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று பக்கத்து வீட்டுக்கு. முட்டியின் வாயைக் கட்டச் சொல்லி, பழைய பத்திரிகையை மடித்துக் கீழே வைத்து, யாராவது விழித்திருப்பவரின் கால்களுக்கு நடுவில் நிறுத்துங்கள்.