டேனரிக் கழிவு கலந்த மண்ணா? முதலில் தோண்டாதீர்கள்

டேனரி எனப்படும் தோல் பதனிடும் ஆலைகள் இருக்கும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் மனையோ நிலமோ வைத்திருப்பவர்கள் மண்வெட்டியைத் தொடும் முன் மண்ணை நன்றாகப் பாருங்கள். கோடையில் மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பு. மழைக்குப் பிறகு தேங்கிய தண்ணீர் மஞ்சளாக இருந்தால் ஹெக்ஸாவேலன்ட் குரோமியமாக, அதாவது குரோமியம் என்ற உலோகத்தின் விஷ வடிவமாக இருக்கலாம். அது தண்ணீரில் கரைந்து போர்வெல் வரைக்கும் இறங்கும், புற்றுநோய் தரக்கூடியது. எங்கள் தெருவில் ஒருவர் மலிவாகக் கிடைத்ததென்று அஸ்திவாரத்துக்கு இரண்டு டிப்பர் மண் அடித்தார், அடுத்த மழையில் சுவரின் அடியில் விரல் அகலத்துக்கு மஞ்சள் கோடு ஏறியது. எங்கிருந்து வந்த மண் என்று கேட்காமல் ஒரு லோடுகூட இறக்காதீர்கள்.

நிறம் தெரியவில்லை என்பதால் மண் சுத்தம் என்று அர்த்தமில்லை, சோதனை செய்தே ஆக வேண்டும். வரப்பு, எருக்குழி, மர நிழலைத் தவிர்த்து பத்து இடத்தில் அரையடி ஆழத்துக்கு மண் எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோவைப் பரிசோதனைக்கூடத்தில் கொடுங்கள். வழக்கமான மண் பரிசோதனையில் கார அமில நிலை, உப்பு, சத்துதான் வரும், அதனால் குரோமியத்தைத் தனியாகக் கேளுங்கள். போர்வெல் தண்ணீரையும் கொடுங்கள்: குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கொதிக்க வைத்தால் அது போகாது.

வெறும் உப்புதான் என்றால் சரி, விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு ஜிப்சம் போட்டு, வடிகால் வெட்டி, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவலாம். குரோமியம் இருந்தால் அப்படிக் கழுவவே கூடாது, விஷத்தை நாமே கிணற்றுக்கு அனுப்பியது போலாகிவிடும். சுண்ணாம்பும் கொட்டாதீர்கள். மக்கிய சாணமும் தொழு உரமும் விஷக் குரோமியத்தைக் குறைந்த தீங்குள்ள குரோமியமாக மாற்ற உதவும், ஆனால் அது மட்டும் போதாது.

மண் சுத்தமாகும் வரை தூசி பறக்காமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். அருகம்புல் வளருங்கள், இல்லையென்றால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். கீரையும் முள்ளங்கியும் அந்த மண்ணில் வேண்டாம், சுத்தமான மண் நிரப்பிய தொட்டியில் போடுங்கள். மண்ணில் விளையாடும் பிள்ளைகளுக்குச் சாப்பிடும் முன் நகக்கண் வரை சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள். தோல் துண்டுகளை எரிக்கவே கூடாது, எரியும்போது சாதாரண குரோமியமும் விஷக் குரோமியமாக மாறும்.

அப்புறம், பரிசோதனை அறிக்கையோடு தெருவே சேர்ந்து திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது நம் வேலூர் வழக்கில்தான், மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.