சைக்கிள் செயின் தேய்ந்துவிட்டதா? டேப்பால் அளந்து பாருங்கள்

மிதிக்கும்போது செயின் நழுவினால், பின்சக்கரத்தை இழுத்து முறுக்குவதற்கு முன் அளவு டேப்பை எடுங்கள். செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடு வரை அரை அங்குலம். பற்சக்கரத்தின் பற்களும் அதே இடைவெளிக்கு வெட்டப்பட்டவை. அதனால்தான் பெல்ட்டைப் போல் வழுக்காமல் காலின் விசை பின்சக்கரத்துக்குப் போகிறது. முன்னால் 44 பல், பின்னால் 22 பல் என்றால் ஒரு மிதிச்சுற்றுக்குச் சக்கரம் சரியாக இரண்டு சுற்று சுற்றும்.

நாளடைவில் பின்களும் அவற்றைச் சுற்றியுள்ள துளைகளும் தேய, இந்த இடைவெளி கூடுகிறது. பெடலை லேசாக அழுத்தி மேல்பக்கச் செயினை விறைப்பாக்கி, ஒரு பின்னின் நடுவிலிருந்து அளந்தால் 24 கண்ணிகளுக்குச் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவிட்டால் பற்சக்கரமும் பெரும்பாலும் கெட்டிருக்கும். செலவு அங்கேதான் ஏறும்.

எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவது செயினுக்குக் கெடுதல். வெளியே வழியும் எண்ணெயில் புழுதி ஒட்டி, உப்புத்தாள் போல் பின்னை அரைக்கும். கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள்.