வடசென்னையில் கத்தி வாங்கும்போதும் கையில் எடுத்துப் போகும்போதும்

வெளிநாட்டிலிருந்து ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு வருகிறவர்களில் பலர் திரும்பும்போது ஒரு அருவாமனையோ நல்ல மீன்கத்தியோ வாங்கிப் போக ஆசைப்படுவார்கள். தாராளமாக வாங்கலாம். வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்த பொருளை 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஆயுதமாகக் கருதுவதில்லை.

வாள், பட்டாக்கத்தி, குத்துவாள் எல்லாம் வேறு. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ உள்ள கத்திகளும் ஆயுத விதிகளின் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்தவைக்கு மட்டும் விலக்கு. இதைப் படித்துவிட்டு, ‘சின்னக் கத்திதானே, பையில் கிடக்கட்டும்’ என்று முடிவு செய்துவிடாதீர்கள். காசிமேட்டில் வஞ்சிரத்தைத் துண்டு போடுகிறவர் கையில் இருப்பது அகலமான, கனமான கத்தி. மீன் செதில் ஒட்டிய அந்தப் பலகைமேல் அது தொழில் கருவி, யாரும் கேட்கமாட்டார்கள். அதே கத்தி ராத்திரி வாகனச் சோதனையில் பைக் சீட்டுக்கு அடியிலிருந்து வந்தால், எதற்கு, எங்கே போகிறாய் என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பாதுகாப்புக்கு வைத்திருக்கிறேன் என்பது இங்கே மிக மோசமான பதில். வழக்குப் பதிவானால் ஜாமீன், வாய்தா என்று இழுக்கும். ஊர் திரும்பும் டிக்கெட்டும் வீணாகும்.

அதனால் பட்டறையிலோ பாத்திரக் கடையிலோ வாங்கினால் பில் கேட்டு வாங்குங்கள். அட்டை வைத்துக் கட்டச் சொல்லி, நேராக வீட்டுக்குப் போய்விடுங்கள். பட்டறைக்காரர் உங்கள் பெயர், முகவரி, போன் நம்பர், எதற்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டால் கோபப்பட வேண்டாம். அந்த விவரங்களை எழுதி வைக்கும்படி 2021-இல் தமிழ்நாடு காவல்துறை அவர்களிடம் சொன்னது.

இன்னொன்று, இதை வலியுறுத்தியே சொல்கிறேன். பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டி வீடியோ போடும் பழக்கம் நம் பகுதிப் பையன்களிடம் இருக்கிறது. இதற்காகக் கைதானவர்கள் நிறையப் பேர். தம்பி முறை, மச்சான் முறை என்று கூப்பிட்டாலும் அந்த போட்டோவில் நிற்காதீர்கள். முடிந்தால் பிளாஸ்டிக் கத்தியைக் கொடுத்து வெட்டச் சொல்லுங்கள். வடசென்னை என்றாலே கத்தி என்று ஊர் பேசுவது எனக்கு வலிக்கிறது. அந்தப் பேச்சுக்கு இந்த வீடியோக்கள்தான் தீனி.

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை இப்போது மெட்ரோ ஓடுகிறது. ஆனால் நுழைவாயிலில் பையை ஸ்கேன் செய்வார்கள், கத்தியோடு போனால் நிறுத்திவிடுவார்கள். ஆட்டோ பிடித்துவிடுங்கள்.

விமானத்தில் கைப்பையில் கத்தி கூடவே கூடாது. செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். அருவாமனையின் அலகுக்கு அட்டை, நுனியில் இருக்கும் துருவிப் பல்லுக்குத் தடித்த துணி, மேலே டேப் என்று சுற்றுங்கள். பெட்டியைத் திறந்து பார்ப்பவர் கை கிழியக் கூடாது. தாத்தா காலத்து வாள் என்றால் விட்டுவிட்டு வாருங்கள். 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. அது புதிதாகவே இருந்தாலும், அலகு 50 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள வளைந்த வாள்களுக்கு பிரிட்டனில் பொதுவாகத் தடை உண்டு.